கழித்துப் போட்ட எட்டு டெஸ்க்டாப்களை வைத்து க்ளஸ்டர் அமைக்க முடியுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் கல்லூரி லேபில் நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம் உள்ள எட்டு மெஷின்கள் சும்மா கிடக்கின்றன. கரண்ட் அடிக்கடி போகும். இவற்றை க்ளஸ்டராக, அதாவது ஒரே கணினிபோல் சேர்ந்து வேலை செய்யும்படி, இணைத்தால் பயன் உண்டா?

உண்டு, வேலையைப் பொறுத்து. ஒரே நெற்பயிர் மாடலை வெவ்வேறு மழையளவு, நடவுத் தேதி கொடுத்து நூற்றுக்கணக்கான முறை ஓட்டுவது, பிளெண்டர் ரெண்டரிங் போன்றவற்றுக்கு நன்றாக வரும். நோடுகள் (க்ளஸ்டரில் உள்ள மெஷின்கள்) ஒன்றோடொன்று விடாமல் பேச வேண்டிய எம்பிஐ வேலை (ஒரே கணக்கைப் பல மெஷின்கள் செய்தி பரிமாறிக்கொண்டு போடுவது) என்றால் கிகாபிட் நெட்வொர்க்கிலேயே முக்கும். அதோடு, ஒரு மெஷின் சூடாகி வேகம் குறைந்தால் மற்ற ஏழும் அதற்காகக் காத்து நிற்கும்.

கரண்ட் கணக்கையும் போட்டுவிடுங்கள். முழு லோடில் ஒன்றுக்கு 75 வாட் என்று வைத்தால் எட்டுக்கு 600 வாட். இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 14.4 யூனிட், மாதத்துக்கு 432. வருடம் முழுக்க ஓட்டுவதாக இருந்தால் 16 கோர் புது மெஷின் ஒன்றே லாபமாக இருக்கலாம். மாணவர்கள் கற்றுக்கொள்ள, ராத்திரியில் மட்டும் ஓட்ட, பழசே போதும்.

எட்டு போர்ட் ஸ்விட்ச் வாங்காதீர்கள். எட்டு மெஷினுக்கே தீர்ந்துவிடும், இன்டர்நெட்டுக்குப் போர்ட் இருக்காது. 16 போர்ட் கிகாபிட் வாங்குங்கள். கேபிள் கேட் 5இ போதும், ஆனால் முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். கேபிள் முனையில் கனெக்டரை கிரிம்ப் செய்யும்போது (அழுத்திப் பொருத்தும்போது) எட்டுக் கம்பியும் சரியாக உட்கார வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் லிங்க் சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 போட்டால் 940 எம்பிபிஎஸ் பக்கம் வர வேண்டும். 94 வந்தால் கிரிம்பைத்தான் முதலில் பாருங்கள்.

மென்பொருளுக்கு டெபியன் (லினக்ஸ்), ஸ்லர்ம் (வேலைகளை நோடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது), மஞ்ச் (நோடுகளுக்கிடையே அடையாளம் சரிபார்ப்பது), என்எஃப்எஸ் (ஃபைல்களைப் பகிர்வது) போதும். மற்றவற்றை நடத்தும் ஹெட் நோடுக்கு மட்டும் எஸ்எஸ்டி போடுங்கள். யூஸர் ஐடி எண்கள் எல்லா மெஷினிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மஞ்ச் கீயும் அப்படியே. பழைய மெஷினில் அதிகம் படுத்துவது, கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி. அது செத்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். 300 விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மஞ்ச் ஏற்காது, நோடு சேராது. நீங்கள் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். எட்டுக்கும் சிஆர்2032 பேட்டரி மாற்றிவிட்டு, ஹெட் நோடிலிருந்து கடிகாரங்களை ஒத்துவைக்கும் க்ரோனி மூலம் நேரம் கொடுங்கள்.

ஸ்லர்ம் கான்ஃபிகில் ரேம் 8192 என்று எழுதாதீர்கள். ஆன்போர்டு கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால், ரேம் குறைவு என்று நோடுக்கு வேலை கொடுக்காமல் ஸ்லர்ம் ஓரங்கட்டிவிடும். 'slurmd -C' (பெரிய எழுத்து C) காட்டும் எண்ணுக்குச் சற்றுக் கீழே போடுங்கள். 'ரிட்டர்ன் டு சர்வீஸ்' மதிப்பை 2 ஆக வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் நோடுகளைக் கையால் எழுப்ப வேண்டும்.

யுபிஎஸ் ஹெட் நோடுக்கும் ஸ்விட்சுக்கும் போதும், 600 விஏ. மற்ற ஏழையும் பயாஸில் 'கரண்ட் வந்தாலும் ஆஃப்' என்று வைத்துவிட்டு, வோல்டேஜ் நிலைத்த பிறகு ஹெட் நோடிலிருந்து வேக் ஆன் லேன் (நெட்வொர்க் வழியாக மெஷினை ஆன் செய்யும் வசதி) மூலம் 20 விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எழுப்புங்கள். வந்த கரண்ட் இரண்டே நிமிஷத்தில் மறுபடி போவது இங்கே சகஜம். சில மதர்போர்டுகள் பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் இந்த வசதியை மறந்துவிடும், முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். நீண்ட வேலைகளுக்கு செக்பாயிண்ட் (நடுநடுவே நிலையைச் சேமித்துவைப்பது) கட்டாயம்.

எர்த்தைக் கவனியுங்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாத கோடையில் களிமண் வெடித்து எர்த் பிட் காய்ந்துவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிட்டுக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ரேம் கான்டாக்ட் பாசி பிடித்ததுபோல் மங்கி, மெஷின் பீப் அடிக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மழைக்காலத்தில் மாதக் கணக்கில் அணைத்துப் போடுவதைவிடத் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுவது நல்லது. தை, மாசி சம்பா அறுவடைத் தூசியும் பதரும் ஹீட்சிங்கை அடைக்கும். அறுவடை முடிந்ததும் ப்ளோயர் பிடியுங்கள். அப்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும்.