பதினோராம் நாள்

கேள்வி: கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று இரண்டு வாரம் விருந்தும் விருந்தாளிகளுமாகப் போய்விட்டது. உடம்பு கனத்துவிட்டது. பத்தே நாளில் உடலின் நச்சையெல்லாம் வெளியேற்றும் என்று ஒரு டீ விற்கிறார்கள், பெட்டி 1,800 ரூபாய். போனஸில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வாங்கலாமா? கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, அவரும் குடிக்கலாமா? – வாசகி, ரோஸ்ஹில், மொரீஷியஸ்

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. கணவருக்கு நிச்சயமாகக் கொடுக்காதீர்கள்.

கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நீங்கள் தூங்கும்போதுகூடச் செய்கின்றன. அவற்றுக்கு டீ தேவையில்லை. இப்படி விற்கும் டீக்கள் பலவற்றில் நிலாவரை இலை இருக்கும். அது பேதிக்குக் கொடுக்கிற மருந்து. இரண்டு நாள் வயிறு போனால் எடை குறையத்தான் செய்யும். ஆனால் குறைந்தது தண்ணீர், கொழுப்பு அல்ல. கூடவே பொட்டாசியமும் போய்விடும். ஜனவரி வெயிலில் அப்படி உடம்பை வற்றவிடுவது ஆபத்து.

பத்து நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, பத்து நாள் கட்டுப்பாடு மொரீஷியஸ் தமிழருக்குப் புதிதா? தைப்பூசக் காவடிக்குக் கொடி ஏறினால் மீன் இல்லை, இறைச்சி இல்லை, மது இல்லை. யாரும் முணுமுணுப்பதில்லை. மன உறுதி நம்மிடம் தாராளமாக இருக்கிறது. எனக்குக் கவலையெல்லாம் பதினோராம் நாளைப் பற்றித்தான்.

என் அப்பா முப்பது வருடம் காவடி எடுத்தவர். விரத நாட்களில் சோறும் பருப்பும் ரசமும்தான், அதுவும் ஒரு வேளை. விரதம் முடிந்த மறுநாள் காலை அவர் ஃப்ரிட்ஜைத் திறப்பார். கதவின் ரப்பர் விடுபடும் சத்தம், அப்புறம் குளிர்பான பாட்டில் மூடியின் ‘உஸ்’. இன்றும் என் காதில் இருக்கிறது. அடுத்த தை வரை அந்த பாட்டில் மேஜையை விட்டு இறங்காது. 58 வயதில், சர்க்கரை நோயால், அவருடைய இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வாழையிலையில் ஏழு கறியோடு பரிமாறும் நம் விருந்துப் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்து மடியில் இலையை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

330 மில்லி கோலா டின் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை, அதாவது ஏழு தேக்கரண்டி. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை ஏறக்குறைய 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1834 முதல் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவுக்கு வந்தது கரும்புத் தோட்டத்துக்காக. இன்று இங்கே பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆகவே முதலில் ஃப்ரிட்ஜில் மிஞ்சியிருக்கும் குளிர்பானத்தைக் கொட்டிவிடுங்கள். வீணாகிறதே என்று யாரையும் குடிக்க வைக்காதீர்கள். அந்த இடத்தில் தண்ணீர்க் குடத்தையோ, உப்புப் போட்ட மோரையோ வையுங்கள்.

அடுத்தது நடை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையை, நடக்கும் கால்தசை எடுத்துக்கொள்ளும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பதுதான் பொதுவான கணக்கு. மீதியை ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன் போ பாசேன் பால்ஃபூர் தோட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கியூர்பிப்பில் எரிமலை வாயைச் சுற்றிச் சேலையும் கான்வாஸ் ஷூவுமாக நடக்கும் பாட்டிமார்களைப் பார்த்திருக்கிறேன். பேச்சு ஓயாது, நடையும் ஓயாது. தனி உடுப்பெல்லாம் வேண்டாம். பள்ளி திறக்கப்போகிறது, பிள்ளைகளோடு நீங்களும் பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள். கைபேசி கூடத்திலேயே இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். குளிர்பானம் ஒன்றை மட்டும் இன்றே நிறுத்துங்கள். அதைப் பதினோராம் நாளும் தொடாமலிருந்தால் போதும், மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கணவர் விரதம் இருப்பவரானால் கொடி ஏறுமுன் டாக்டரைப் பாருங்கள். அரசு சுகாதார நிலையத்தில் கட்டணம் இல்லை. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். அளவை மாற்ற வேண்டியிருக்கும். காவடியோடு வெயிலில் நடக்கும்போது அவருக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கினால், நேர்ச்சை முறிந்துவிடுமோ என்று தயங்காதீர்கள். நிழலில் உட்கார வைத்து உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.