“யாரு யாரத் தள்ளுனது சார்?” – ஆங்கில அயற்கூற்று எனக்குப் பிடிபட்ட கதை

கேள்வி: ஆங்கிலத்தில் நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் விதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் தேர்விலும் பேச்சிலும் தவறிவிடுகிறேன். ‘ஹீ செட் டு மீ, ஐ வில் மீட் யூ ஹியர் டுமாரோ’ என்ற ஒரே வாக்கியத்தை மூன்று முறை மூன்று விதமாக எழுதினேன். இதை எப்படிக் கற்பது?

பதில்: நான் ஆங்கில ஆசிரியன் அல்லன். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் 1991 முதல் 2018 வரை எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தொழிலாளர் தமிழில் சொல்லும் புகாரையும், தொலைபேசியில் வரும் செய்தியையும், உள்விசாரணையில் கொடுக்கப்படும் வாக்குமூலத்தையும் ஆங்கிலத்தில் எழுதி மேலாளரின் மேசைக்கு அனுப்புவது என் வேலைகளுள் ஒன்றாக இருந்தது. அந்த வகையில் நீங்கள் கேட்டிருக்கும் இலக்கணம்தான் எனக்கு 27 ஆண்டுகள் சோறு போட்டது என்று சொல்ல வேண்டும். ஆனால் அதை நான் கற்றது விதிப் பட்டியலில் இருந்து அன்று. ஒரு தவற்றில் இருந்து.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, கொழுந்து எடை போடும் இடத்தில் தொழிலாளர் ஒருவருக்கும் சூப்பர்வைசருக்கும் தகராறு ஏற்பட்டு, அது உள்விசாரணை வரை போனது. தொழிலாளர் சொன்னது இது: “சூப்பர்வைசர்தான் என்னைய நெஞ்சுல கை வச்சுத் தள்ளுனாரு. நான் அவரத் தொடவே இல்ல.” நான் அதை ‘ஹீ செட் தட் ஹீ ஹாட் புஷ்ட் ஹிம் அண்ட் ஹீ ஹாட் நாட் டச்ட் ஹிம்’ என்று எழுதினேன். பள்ளியில் படித்த விதிகளை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் கிடையாது. காலம் பின்னே போயிருக்கிறது, ‘ஐ’ என்பது ‘ஹீ’ ஆகியிருக்கிறது. கையெழுத்து வாங்கும் முன் வாக்குமூலத்தை அவருக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதால், என் ஆங்கிலத்தையே சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, “அவர் அவரைத் தள்ளியதாகவும் அவர் அவரைத் தொடவில்லை என்றும் அவர் சொன்னார்” என்று வாசித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யாரு யாரத் தள்ளுனது சார்?” என்று கேட்டார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விசாரணை அதிகாரியாக வந்திருந்த வழக்கறிஞர் சிரிக்கவில்லை. அந்தத் தாள் அப்படியே மேலே போயிருந்தால், தள்ளியது தொழிலாளர்தான் என்று ஒருவர் படித்துக்கொள்ள முடியும். படித்தவர் மீது குற்றம் சொல்லவும் முடியாது. வழக்கறிஞர் தாளை வாங்கி என் வாக்கியத்தை அடித்துவிட்டு, ‘த வொர்க்கர் ஸ்டேட்டட் தட் த சூப்பர்வைசர் ஹாட் புஷ்ட் ஹிம், அண்ட் தட் ஹீ ஹிம்செல்ஃப் ஹாட் நாட் டச்ட் த சூப்பர்வைசர்’ என்று எழுதினார்.

அன்று இரவு லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான், தமிழில் இந்தக் குழப்பம் ஏன் வருவதில்லை என்பது எனக்கு உறைத்தது. ‘சூப்பர்வைசர் தன்னைத் தள்ளியதாக அவர் சொன்னார்’ என்று நாம் சொல்லும்போது, அந்தத் ‘தன்னை’ என்ற ஒரு சொல்லே தள்ளப்பட்டவர் யார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சொன்னவரைச் சுட்டுவதற்கென்றே தான், தன்னை, தனக்கு, தாங்கள் என்று ஒரு வரிசை நம் மொழியில் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஹீ’ சொன்னவரையும் குறிக்கும், சொல்லப்பட்டவரையும் குறிக்கும், அந்த வழியே போன மூன்றாமவரையும் குறிக்கும். ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்போது, தமிழில் ‘தான்’ செய்கிற வேலையை ஆளின் பெயரோ பதவியோ செய்ய வேண்டும். ‘முதலாம் நபர் எழுவாயைப் பின்பற்றும், இரண்டாம் நபர் செயப்படுபொருளைப் பின்பற்றும்’ என்ற சூத்திரத்தை ஒப்பிப்பதை விட, ஒவ்வொரு ‘ஹீ’யின் அருகிலும் பென்சிலால் ஓர் ஆளின் பெயரை எழுதிப் பார்ப்பது எவ்வளவோ மேல். எங்கே உங்கள் பென்சில் தயங்குகிறதோ அங்கே பெயரைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது காலம். பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான். ‘ஹீ செட் தட் ஐ வில் கம்’ என்று நம்மவர்கள் எழுதுவதற்குக் காரணம் அறியாமை அன்று; ‘நான் வருவேன் என்று சொன்னான்’ என்பது தமிழில் முற்றிலும் சரியான வாக்கியம். நம் ‘என்று’ ஒரு நல்ல கூடை; சொன்னவரின் சொற்களை உடையாமல் அள்ளிக்கொண்டு வந்து அப்படியே கொட்டும். ஆங்கிலத்தின் ‘தட்’ அப்படிப்பட்டது அன்று. ‘தட்’டுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு சொல்லும், இப்போது எடுத்துச் சொல்பவரின் வாயில் இருந்து வருவதாகவே கருதப்படும். ஆகவே அந்த வாக்கியத்தில் உள்ள ‘ஐ’, வருவேன் என்று சொன்னவர் அல்லர். அதை எழுதிக்கொண்டிருக்கும் நீங்கள். ‘தட்’டுக்கு நேரான தமிழ்ச் சொல் ‘என்று’ எனப் பள்ளியில் சொல்லித் தந்ததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. ‘தட்’டுக்கு உண்மையில் நெருக்கமாக இருப்பது ‘வந்ததாக, வருவதாக’ என்பவற்றில் வருகிற அந்தத் ‘தாக’.

இதைக் கண்டுகொண்ட பிறகு எனக்குக் காலத்தைப் பற்றிய பயம் போய்விட்டது. எங்கள் ஊர் ஃபேக்டரியில் ஃபிட்டர் ரோலரை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ‘மாற்றிவிட்டதாகச் சொன்னார்’ என்றால், சொல்வதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஹீ செட் தட் ஹீ ஹாட் சேஞ்ச்ட் த ரோலர்’. ‘மாற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்’ என்றால், சொல்லும்போதே வேலை நடக்கிறது; ‘வாஸ் சேஞ்சிங்’. ‘மாற்றுவதாகச் சொன்னார்’ என்றால், சொன்ன பிறகு நடக்க வேண்டியது; ‘வுட் சேஞ்ச்’. சொன்ன நேரத்துக்கு முன், சொன்ன நேரத்தில், சொன்ன நேரத்துக்குப் பின் என்ற மூன்றையும் தமிழ் ‘தாக’வுக்கு முன்னால் உள்ள எச்சத்தில் காட்டுகிறது, ஆங்கிலம் ‘ஹாட்’, ‘வாஸ்’, ‘வுட்’ என்ற மூன்றில் காட்டுகிறது. எனவே ஆங்கில நேர்க்கூற்றில் இருந்து நேராக ஆங்கில அயற்கூற்றுக்குத் தாவாமல், ஒரு கணம் தமிழில் ‘தாக’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்தத் துணைவினை வேண்டும் என்பது தானாக வந்து நிற்கும். ஒரே ஓர் இடத்தில் இது ஏமாற்றும். ‘காலையில் மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார்’ என்பது நாள்தோறும் சாப்பிடும் வழக்கத்தையும் குறிக்கலாம், இனிமேல் சாப்பிடுகிறேன் என்ற வாக்கையும் குறிக்கலாம். வழக்கம் என்றால் ‘ஹீ டுக்’, வாக்கு என்றால் ‘ஹீ வுட் டேக்’. எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக் குறிப்பில் நான் இதை ஒரு முறை மாற்றி எழுதி, கம்பவுண்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

காலம் மாறாத இடங்களும் உண்டு. என்றைக்கும் உண்மையாக இருப்பது மாறாது: ‘த டீச்சர் செட் தட் தொட்டபெட்டா இஸ் த ஹையஸ்ட் பீக் இன் த நீலகிரிஸ்’. சொன்னது நேற்று என்பதற்காக 2,637 மீட்டர் மலை குறைந்துவிடப் போவதில்லை. ஆண்டு குறிப்பிடப்பட்ட வரலாற்றுச் செய்தியையும் ‘ஹாட்’ போட்டுப் பின்னே தள்ள வேண்டியதில்லை: ‘த கைட் செட் தட் ஜான் சலிவன் கேம் டு கோத்தகிரி இன் 1819’. எடுத்துரைக்கும் வினை ‘சேஸ்’ என்று நிகழ்காலத்தில் இருந்தாலும் உள்ளே எதுவும் பின்னே போகாது. ‘மஸ்ட்’ என்பது ‘ஹாட் டு’ ஆகும், ‘கேன்’ என்பது ‘குட்’ ஆகும், ‘ஷுட்’ அப்படியே நிற்கும் என்பவையெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். அவற்றில் நேரத்தை வீணாக்க வேண்டாம். வியப்பு வாக்கியங்களை ‘எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய்’ என்று மாற்றும் பயிற்சியைத் தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடரை 27 ஆண்டுகளில் ஒரு கடிதத்தில்கூட எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி வாக்கியங்களில் நான் நெடுநாள் செய்த பிழை, சொல் வரிசையை மாற்றாமல் விட்டது. ‘ஹீ ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் ஐ கோயிங்’ என்று எழுதுவேன். சரியானது ‘வேர் ஐ வாஸ் கோயிங்’. எடுத்துச் சொல்லும்போது அது கேள்வி அன்று, கேட்கப்பட்டதைப் பற்றிய செய்தி. ஆகவே கேள்விக்கு உரிய தலைகீழ் வரிசை போய்விடும், கேள்விக்குறியும் போய்விடும். ‘வந்தாயா?’ போன்ற ஆம்-இல்லைக் கேள்விகளுக்கு ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ வேண்டும். ‘ஆஸ்க்ட் தட்’ என்று ஒருபோதும் வராது. அதேபோல், ‘என்னிடம் சொன்னார்’ என்பதற்கு ‘டோல்ட் மீ’ அல்லது ‘செட் டு மீ’ என்று எழுதலாமே தவிர, ‘டோல்ட் டு மீ’ என்றோ ‘செட் மீ’ என்றோ எழுதக் கூடாது. நமக்கு இரண்டுக்கும் ‘சொன்னார்’ என்ற ஒரே வினை இருப்பதால் கை தானாகத் தவறும்.

கட்டளைகள் மிக எளிது, ஏனென்றால் இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒரே தடத்தில் நடக்கின்றன. ‘துரை அவரை வரச் சொன்னார்’ என்பதில் உள்ள ‘வர’தான் ‘டு கம்’. ‘த மேனேஜர் டோல்ட் ஹிம் டு கம்’ என்று எழுதிவிட்டால் காலம், துணைவினை என்ற தொல்லையே இல்லை. வர வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ‘நாட் டு கம்’. கெஞ்சினாரா, கேட்டுக்கொண்டாரா, உத்தரவு போட்டாரா என்பதற்கு ஏற்ப ‘டோல்ட்’ இருந்த இடத்தில் வேறு வினை வரும், அவ்வளவுதான்.

இனி, நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியத்தில் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல, இன்னொரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெருமழை பெய்து, பல இடங்களில் மண் சரிந்து சாலைகள் துண்டிக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. எங்கள் அலுவலகத்தில் தொலைபேசிச் செய்திகளைக் குறித்து வைக்க நீளவாக்கில் ஒரு நோட்டு உண்டு; மெசேஜ் புத்தகம் என்போம். ஒரு புதன்கிழமை மாலை லாரி டிரைவர் தொலைபேசியில், “நாளைக்கு வண்டி வராது சார், ரோட்ட இன்னும் கிளியர் பண்ணல” என்றார். நான் ‘த டிரைவர் செட் தட் த லாரி வுட் நாட் கம் டுமாரோ’ என்று எழுதிவிட்டு, தேதி போடாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். குன்னூரில் சிக்கிக்கொண்டிருந்த மேலாளர் வியாழக்கிழமை காலையில் வந்து அதைப் படித்தார். அவருக்கு ‘டுமாரோ’ என்றால் வெள்ளிக்கிழமை. மழை சற்று வெறித்திருந்ததால் வியாழக்கிழமை கொழுந்து பறிக்கச் சொல்லிவிட்டார். மாலையில் லாரி வரவில்லை. சாக்கில் திணித்துக் கிடந்த பச்சைத் தேயிலை விடிவதற்குள் சூடேறிச் சிவந்துவிட்டது. மூக்கில் ஏறிய அந்தப் புளித்த வாடை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ‘வில்’லை ‘வுட்’ ஆக்கத் தெரிந்திருந்த எனக்கு, ‘டுமாரோ’வைத் தொட வேண்டும் என்று தோன்றவில்லை.

அதன் பிறகு மெசேஜ் புத்தகத்தில் ‘டுமாரோ’, ‘யெஸ்டர்டே’, ‘ஹியர்’ ஆகிய சொற்களையே எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ‘த நெக்ஸ்ட் டே’ என்பது தேர்வுக்குச் சரி. வேலைக்கு ‘ஆன் தர்ஸ்டே’ என்று கிழமையையே எழுதுவதுதான் நல்லது. உங்களுக்கும் ஒரு பயிற்சி சொல்கிறேன். நாள்தோறும் உங்களுக்கு வரும் ஒரு தொலைபேசி அழைப்பை, பேசியவர் சொன்னதை நான்கு ஆங்கில வாக்கியங்களில் எழுதி வையுங்கள். மறுநாள் காலையில், நேற்று என்ன நடந்தது என்றே தெரியாத ஓர் ஆளாக அதைப் படியுங்கள். யார், எப்போது, எங்கே என்ற மூன்றில் எதிலாவது உங்களுக்கே ஐயம் வந்தால் அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாக்கியத்தை நூறு முறை மாற்றிப் பழகுவதை விட, ஒரு மாதம் இதைச் செய்வது பயன் தரும். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த இரண்டு பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் பழக்கினேன்.

உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். தேர்வில் எழுத வேண்டியது: ‘ஹீ டோல்ட் மீ தட் ஹீ வுட் மீட் மீ தேர் த நெக்ஸ்ட் டே’. சொன்னவர் அவர், ஆகவே ‘ஐ’ என்பது ‘ஹீ’. கேட்டவர் நீங்கள், ஆகவே ‘யூ’ என்பது ‘மீ’. சந்திப்பதாகச் சொன்னார், ஆகவே ‘வுட்’. ‘ஹியர்’, ‘டுமாரோ’ இரண்டும் ஏன் மாறின என்பதில்தான் நீங்கள் மூன்று முறை தடுமாறியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் அதைக் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் உங்களிடம் சொல்லி, நீங்கள் அதே மாலை அதே பஸ் ஸ்டாண்டில் நின்று என்னிடம் சொன்னால், ‘ஹியர் டுமாரோ’ என்பதே சரி. நீங்கள் எங்கே, எந்த நாளில் நிற்கிறீர்கள் என்பது வினாத்தாள் தயாரிப்பவருக்குத் தெரியாது. அந்த இடத்தையும் அந்த நாளையும் விட்டு விலகிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் அவர் விடையை எழுதியிருக்கிறார்.