வெலாஸ்கெஸும் பரேஹாவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் பதினேழாம் நூற்றாண்டு ஸ்பெயினின் அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் பற்றி எழுதியிருந்தீர்கள். அரண்மனையில் கேளிக்கைக்காக வைத்திருந்த குள்ளர்களையும் அரசரையும் அவர் ஒரே பரிவோடு பார்த்தார் என்று சொல்லியிருந்தீர்கள். நெகிழ்ந்துபோய் மேற்கொண்டு தேடினேன். அவரிடம் ஹுவான் தே பரேஹா என்று ஓர் அடிமை இருந்திருக்கிறார்! அவரையே படமாகவும் தீட்டியிருக்கிறார். அப்படித் தீட்டும்போது மனம் இளகி விடுதலை செய்துவிட்டார் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? அடிமை வைத்திருந்தவரின் பரிவை நான் எப்படி நம்புவது?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

பரேஹாவைச் சொல்லாமல் விட்டது என் பிழை. குள்ளர்களைப் பற்றி எழுதும் உற்சாகத்தில் வீட்டுக்குள் நின்ற ஆளை மறந்துவிட்டேன்.

முதலில் அந்தக் காணொளிக் கதை. அரசர் நான்காம் ஃபிலிப்புக்காகச் சிலைகளும் ஓவியங்களும் வாங்க 1649இல் வெலாஸ்கெஸ் இத்தாலிக்குப் போனார். பரேஹாவும் கூடப் போனார். ரோமில் போப் பத்தாம் இன்னொசென்டைத் தீட்டுவதற்கு முன், கை பழகட்டும் என்று பரேஹாவை உட்காரவைத்துத் தீட்டினாராம். 1650 மார்ச் 19 அன்று ரோமின் பழம்பெரும் கோயிலான பாந்தியனில் அதைப் பார்வைக்கு வைத்தார்கள். மற்றதெல்லாம் ஓவியம், இது மட்டும்தான் நிஜம் என்று பார்த்தவர்கள் சொன்னதாக, ஸ்பானிய ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய பலோமினோ சொல்கிறார். ரோமில் எழுதிய விடுதலைப் பத்திரத்தின் தேதி அதே ஆண்டு நவம்பர் 23. அதில் ஒரு நிபந்தனை உண்டு: இன்னும் நான்கு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். ஆக, முழு விடுதலை 1654இல்தான். மனம் இளகியதா என்பதற்குப் பத்திரத்தில் விடை இல்லை.

பலோமினோ 1724இல் சொன்ன கதை இதைவிட அழகு. எஜமான் தூரிகையைத் தொடவிடாததால் பரேஹா திருட்டுத்தனமாக வரையக் கற்றார். அரசர் வரும் நேரம் பார்த்துத் தன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். அரசர் அதைத் திருப்பிப் பார்த்து அசந்துபோய், இப்படி வரைகிறவன் அடிமையாக இருக்கலாகாது என்றார். 1983இல் கலை வரலாற்றாய்வாளர் ஜெனிஃபர் மாண்டேகு அந்த ரோம் பத்திரத்தை வெளியிடும்வரை இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கதைதான் ஓடியது. அரசன் கையால் விடுதலை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

இனி உங்கள் உண்மையான கேள்வி. அந்தப் படம் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை, திரையில் பெரிதாக்கிப் பார்த்ததுதான். சாம்பல் கலந்த பச்சைப் பின்னணி, கருத்த உடை, அகன்ற வெள்ளைக் கழுத்துப்பட்டை. வலது கை மார்புக்குக் கீழே குறுக்காக வந்து மேலங்கியைப் பிடித்திருக்கிறது. பட்டையின் பின்னல் வேலைப்பாடு கிட்டத்தில் பார்த்தால் கலைந்த வெள்ளைத் தீற்றல்கள்தான். கொஞ்சம் விலகினால் துணியாகிவிடுகிறது. தலை லேசாகத் திரும்பியிருக்க, கண்கள் நேராக நம்மேல் நிற்கின்றன. கெஞ்சலோ பணிவோ அந்தக் கண்களில் இல்லை.

குள்ளர்களையும் அவர் இப்படித் தீட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் நான் 'பரிவு' என்று எழுதினேன். இப்போது அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வெலாஸ்கெஸிடம் இருந்தது கண். எதிரில் உட்கார்ந்திருப்பது யாரானாலும் இம்மி பிசகாமல் பார்க்கிற கண். சாயம் அரைக்கிற அடிமையின் முகத்தில் இருந்த கம்பீரத்தை அது பார்த்தது, தீட்டியது. அதன்பின் நான்கு வருஷ உழைப்பையும் அவர் எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டும் ஒரே ஆள் செய்ததுதான். அந்தக் கண்ணை நான் நம்புகிறேன். அந்த ஆளை நம்பச் சொல்லி உங்களைக் கேட்கமாட்டேன்.

வெலாஸ்கெஸுக்கும் ஒரு கவலை இருந்தது. ஸ்பெயினின் உயர்குடியினருக்கான சந்தியாகோ வீரர் குழுவில் சேர ஆசை. சேர வேண்டுமானால் குலம் சுத்தம், கைத்தொழில் செய்து பிழைத்தவரல்ல என்று நிரூபிக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் சாட்சியம் வாங்கினார்கள். காசுக்காகத் தூரிகை பிடித்தவரல்ல என்று சக ஓவியர்களே வந்து சொன்னார்கள். 1659இல் சேர்த்துக்கொண்டார்கள். அரச குடும்பத்தோடு தன்னையும் சேர்த்துத் தீட்டிய 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தில் இடப்பக்கம் தூரிகையோடு நிற்கிறாரே, அவர் மார்பில் இருக்கும் சிவப்புச் சிலுவை அந்தக் குழுவின் சின்னம். படம் முடிந்தது 1656இல், சிலுவை பிறகு ஏறியது.

வெலாஸ்கெஸ் இறந்த மறு ஆண்டு, 1661இல், பரேஹா 'புனித மத்தேயுவின் அழைப்பு' தீட்டினார். மூன்று மீட்டருக்கு மேல் அகலம், மாட்ரிட்டின் ப்ராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எஜமானின் நிழல் அதில் அவ்வளவாக இல்லை. நிறங்கள் பளிச்சென்று, ஆள்கூட்டம், விரிப்பு போட்ட மேஜை. எனக்குக் கொஞ்சம் நெரிசலாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இடது ஓரத்தைப் பாருங்கள். பரேஹா தன்னையே அங்கே நிற்கவைத்திருக்கிறார். ரோம் படத்தில் இருந்ததைவிட நிறம் வெளுத்திருக்கிறது, மூக்கும் கூர்மையாகியிருக்கிறது. ஏன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள், எனக்கு அது வலிக்கிறது. கையில் ஒரு தாள். அதில் அவர் பெயரும் ஆண்டும் இருக்கின்றன.