வயிறு சத்தம் போட்டால் போடட்டும்

கேள்வி: டாக்டரம்மா, நான் தறி வேலை செய்கிறேன். பதினோரு மணி வாக்கில் வயிறு கடமுடவென்று சத்தம் போடுகிறது. தறியை நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்கிறது. "குடல் பூரா அழுக்கு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா விளக்கெண்ணெய் குடிச்சுக் கழுவணும்" என்கிறார் மாமியார். குடிக்கலாமா?
வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: குடிக்க வேண்டாம் அம்மா. நீங்கள் கேட்கிற அந்தச் சத்தமே குடல் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் சத்தம்தான்.

காலையில் சாப்பிட்ட இட்லி சில மணி நேரம் இரைப்பையில் அமிலத்தோடு அரைபட்டு, கூழாகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு இறங்கும். இரைப்பை காலியானதும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையில் ஆரம்பித்துச் சிறுகுடலின் கடைசி வரை ஓர் அலை ஓடும். மிச்சம் மீதி உணவு, உதிர்ந்த செல்கள், கிருமிகள் எல்லாவற்றையும் அது பெருங்குடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். அப்போது உள்ளே இருப்பது காற்றும் நீரும்தான், அதனால் சத்தம் பலமாகக் கேட்கிறது. எதையாவது சாப்பிட்டதும் அந்த அலை நின்றுவிடும். மணிக்கொரு தரம் டீயும் முறுக்குமாகக் கொறிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். குடலுக்கு ஒரு இடைவெளி கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

வயிற்றில் அறுவை சிகிச்சை ஆன மறுநாள் வார்டில் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" என்பதுதான். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காத்திருப்போம். அந்தக் கடமுட கேட்க ஆரம்பித்தால் எங்களுக்கும் நிம்மதி, நோயாளியின் வீட்டாருக்கும் நிம்மதி.

குடலை அழுக்குப் படிந்த குழாயாக நினைப்பவர்கள் அதை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். படிக்கும் காலத்தில் உடற்கூறு வகுப்பில் பிரித்துப் பார்த்த சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர். அதைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய சவ்வு முதுகுப்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் இடமோ 15 சென்டிமீட்டர்தான். நீங்கள் நெய்யும் சேலையைக் கொசுவம் வைத்து இடுப்பில் செருகுவது போல, அவ்வளவு நீளமும் அந்த ஒரு சாணுக்குள் அடங்கியிருக்கிறது. உள்ளே வட்ட வட்டமாக மடிப்புகள். மடிப்புகளின் மேல், சத்தை உறிஞ்சுவதற்கென்று ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட வராத விரல் போன்ற குடலுறிஞ்சிகள். அவற்றைப் போர்த்தியிருக்கும் செல்கள் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிது வந்துவிடும். ஆறு மாத அழுக்கு அங்கே எப்படித் தங்கும்?

விளக்கெண்ணெய் குடலைக் கழுவுவதில்லை, உசுப்பிவிடுகிறது. சிறுகுடலில் அந்த எண்ணெய் உடைந்து ரிசினோலிக் அமிலம் வெளிப்படும். குடலை முறுக்குவது அதுதான். ஒரு நாளில் சிறுகுடலுக்குள் 8, 9 லிட்டர் நீர் வருகிறது. நாம் சாப்பிடுவதிலும் குடிப்பதிலும் வருவது 2 லிட்டர்தான். மற்றதெல்லாம் எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர் என்று உடம்பே சுரப்பது. அத்தனையையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, மலத்தோடு 200 மில்லிக்கு மேல் போகாமல் குடல் பார்த்துக்கொள்கிறது. பேதியானால் அந்த நீரும் உப்பும் வீணாகப் போகின்றன. பெருங்குடல் காலியாகிவிடுவதால் அடுத்த ஒன்றிரண்டு நாள் வெளிக்கு வராது. உடனே மலச்சிக்கல் என்று பயந்து மறுபடியும் குடிக்கிறார்கள். குடல்வால் அழற்சி (அப்பெண்டிசைடிஸ்) இருப்பது தெரியாமல் பேதிக்கு எடுத்தால் உயிருக்கே ஆபத்து. வயிற்றில் பூச்சி என்ற சந்தேகம் இருந்தால் அதற்கு அல்பெண்டசோல் மாத்திரை இருக்கிறது, டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். மாமியாரிடம் சண்டை வேண்டாம், இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: காபித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். காலையில் காபி குடித்த கொஞ்ச நேரத்தில் வெளிக்கு ஓட வேண்டியிருக்கிறது. குடித்தது அப்படியே இறங்கிவிடுகிறதா?
வாசகி, ஏற்காடு

பதில்: இல்லை அம்மா. அப்போது போவது நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டது. இரைப்பையில் ஏதாவது விழுந்து அது விரிந்ததும், நரம்பு வழியாகப் பெருங்குடலுக்குச் செய்தி போய் அது தள்ள ஆரம்பிக்கும். காலையில் இது நன்றாக வேலை செய்யும். சிலருக்குக் காபி இன்னும் கொஞ்சம் தூண்டிவிடும். இது நல்ல பழக்கம்தான், மாற்ற வேண்டாம். எனக்குக் கவலை வேறு. தோட்டத்தில் கழிப்பறை தூரம் என்று அடக்கிக்கொண்டு வேலை பார்க்கும் பெண்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். அடக்க அடக்கப் பெருங்குடல் இருக்கிற நீரையும் உறிஞ்சி மலத்தை இறுக்கிவிடும். அப்புறம் முக்கி முக்கி மூலத்தில் கொண்டுபோய் விடும். கால் மணி நேரம் முன்னதாக எழுந்து, காபி குடித்து, போய்விட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: ஜவ்வரிசி குடலில் ஒட்டிக்கொள்ளுமா?
மாணவர், சூரமங்கலம்

பதில்: ஒட்டாது தம்பி. அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து. எச்சிலும் கணையநீரும் அதைச் சீக்கிரமே சர்க்கரையாக உடைத்துவிடும். நார்ச்சத்து இல்லை என்பதுதான் குறை. உப்புமா செய்தால் காய்கறி, நிலக்கடலை சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அளவாகக் கொடுங்கள்.

கேள்வி: சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடாமல் இருக்க முடியவில்லை. அந்தக் காரச் சட்னியால் அல்சர் வரும் என்கிறார் நண்பர். உண்மையா?
வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: காரத்தால் அல்சர் வருவதில்லை ஐயா. ஏற்கெனவே புண் இருந்தால் எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவுதான். பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 1982இல் அதை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது காரணம் வலி மாத்திரை. மூட்டு வலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போடுபவரா நீங்கள்? தட்டுவடை இருக்கட்டும், முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். வலிக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் கேளுங்கள். கிருமி இருந்தால் இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் குணமாகிவிடும். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ அடுத்த இதழ் வரை காத்திருந்து எனக்கு எழுத வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.