வேதியியல் கல்வி மாநாட்டில் குழுக் கலந்துரையாடல் நடத்த முன்மொழிவு எழுதுவது எப்படி?

கேள்வியின் சாரம்: கட்டுரை வாசிக்காமல், ஆசிரியர்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்துப் பேசவைக்கும் அமர்வு ஒன்றை நடத்த வேண்டும். கையில் ஆய்வு முடிவு எதுவும் இல்லை. முன்மொழிவில் என்னதான் எழுதுவது?

முடிவு இல்லாதது குறையாகாது. வருகிறவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்யப்போகிறார்கள், எதைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்கள் என்பதைத்தான் மதிப்பீட்டாளர் தேடுவார். இந்த இரண்டும் முதல் ஐந்து வரிக்குள் வந்துவிட வேண்டும்.

பெரும்பாலான முன்மொழிவுகள் தலைப்பிலேயே சறுக்குகின்றன. ‘ஆய்வகக் கற்பித்தலின் சவால்கள்’ என்று வைத்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள், பேச்சு புலம்பலாகி முடியும். விஷயம் தெரிந்த இரண்டு ஆசிரியர்கள் எதிரெதிர்ப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக எடுங்கள். பருப்பொருளில் கண்ணால் காண்பது, துகள் நிலை, குறியீடு என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் திணித்தால் புதிதாகக் கற்பவர் திணறிப்போவார் என்று வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991இல் வாதிட்டார். அப்படியானால் முதல் வகுப்பில் சமன்பாட்டை எழுதலாமா, தள்ளிப்போடலாமா? இதில் சண்டை வரும். அது நல்ல சண்டை.

அடுத்தது, பேச்சைத் தொடங்கிவைக்க ஒரு பொருள் வேண்டும். ஓர் உதாரணம்: தரம்பார்த்தல் (titration) சோதனையில் ஒரு மாணவரின் அளவீடுகள் 24.8, 26.1, 24.9 மி.லி. அவர் 26.1ஐ விட்டுவிட்டு 24.85 என்று சராசரி எழுதியிருக்கிறார், ஏன் விட்டார் என்று எழுதவில்லை. பத்துக்கு எத்தனை மதிப்பெண்? ஒவ்வொருவரும் பக்கத்தில் பார்க்காமல் தாளில் எழுதட்டும். பிறகு மேசையில் எல்லாத் தாளையும் ஒன்றாகத் திருப்பச் சொல்லுங்கள். ஒருவர் 4, இன்னொருவர் 9 போட்டிருந்தால் அதற்குமேல் நீங்கள் பேசவைக்கத் தேவையே இல்லை. ‘மதிப்பீடு பற்றி உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்டு இந்தச் சூட்டை வரவழைக்க முடியாது.

நேரத் திட்டத்தை நிமிடக் கணக்கோடு முன்மொழிவிலேயே போடுங்கள். 75 நிமிட அமர்வுக்கு இப்படி: அறிமுகம் 5, தனியாக எழுதுதல் 5, முதல் சுற்று 20, பாதிப் பேர் மேசை மாறிக் கேட்டதைச் சொல்லுதல் 10, இரண்டாம் சுற்று 20, தொகுத்தல் 10, அடுத்து என்ன செய்வது என்று எழுதுதல் 5. மேசைக்கு 6 பேருக்குமேல் வேண்டாம். 20 நிமிடத்தை ஆறு பேர் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம் சொச்சம் கிடைக்கும். பத்துப் பேரானால் இரண்டே நிமிடம், அதில் கூச்சப்படுகிறவர் வாயே திறக்க மாட்டார். ஐந்து மேசை, 30 பேர் என்று உச்சவரம்பு குறிப்பிடுங்கள்.

அமர்வைக் கொல்வது கடைசியில் வரும் ‘ஒவ்வொரு குழுவும் வந்து சொல்லுங்கள்’ தான். மேசைக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலே ஐந்து மேசைக்கு 15 நிமிடம் ஆகிறது. நடைமுறையில் அது அரைமணி நேரத்தைத் தொடும், மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். மேசைக்கு ஒரே வாக்கியம், சார்ட் தாளில் பெரிய எழுத்தில். ‘எங்கள் மேசையில் தீராத கருத்து வேறுபாடு இது’ என்று அந்த வாக்கியம் தொடங்கட்டும். தாள்களைச் சுவரில் ஒட்டி எல்லோரும் நடந்து படிக்க 10 நிமிடம் போதும்.

மேசைக்கு ஒரு நெறியாளர், ஒரு குறிப்பெடுப்பவர் வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டும் கெடும். நெறியாளர்கள் ஐந்து பேரையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். பெயரோடு கொடுத்தால் முன்மொழிவுக்கு எடை கூடும். அவர்களுக்கு முக்கியமான பயிற்சி ஒன்றே: கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை சும்மா இருப்பது. மூத்த பேராசிரியர் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொண்டால், ‘இதற்கு நேர்மாறாகச் செய்கிறவர் யாராவது இருக்கிறீர்களா?’ என்று மற்றவர்கள் பக்கம் திருப்பலாம். அவரை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை.

அறைத் தேவையைத் தனி வரியாக எழுதுங்கள்: சமதளத் தரை, நகர்த்தக்கூடிய நாற்காலிகள், தாள் ஒட்டச் சுவர். படிக்கட்டு அரங்கு ஒதுக்கப்பட்டால் ஆறு பேர் முகம் பார்த்து உட்காரவே முடியாது. அமர்வுக் குறிப்புகளைப் பிறகு ஆய்வுத் தரவாகப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பங்கேற்பாளரின் சம்மதமும் அமர்வுக்கு முன்பே தேவை.

எட்டுப் பேர்தான் வந்தால்? மேசைக்கு நான்கு பேராக இரண்டு மேசை போட்டு அதே திட்டத்தை நடத்துங்கள். எல்லோரையும் ஒரே வட்டமாக உட்காரவைத்தால் அது கருத்தரங்காகிவிடும். இந்த மாற்றுத் திட்டத்தையும் ஒரு வரியில் முன்மொழிவில் சேர்த்துவிடுங்கள்.