கலிபோர்னியாவில் டவுன்டவுன் கட்டடத்துக்கு பி.பி.ஐ.டி. (ஒரு எல்லைக்குள் இருக்கும் சொத்துகளிடம் தொகை வாங்கி, அங்கேயே கூடுதல் வேலைகள் செய்யும் திட்டம்) ஓட்டுச்சீட்டு வந்திருக்கிறது. ஆம் போடுவதா, இல்லை போடுவதா?

கீழே கடை, மேலே வீடு என்று சின்னதாக ஒரு கட்டடம் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் 'வாடகைக்கு விட்டிருக்கிறேன்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். சொத்து வரி கட்டிவிட்டோம், குப்பை அள்ள இன்னொரு தொகையா என்ற உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் இங்கே இரண்டு பேர் "இது பகல் கொள்ளை, கண்ணை மூடிக்கொண்டு இல்லை போடுங்கள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எங்களுக்கும் இப்படி ஒரு எல்லைக்குள் கட்டடம் இருக்கிறது, அதை நடத்தும் சங்கத்தின் போர்டிலும் கொஞ்ச காலம் இருந்தேன். சம்பளம் கிடையாது, கூட்டத்தில் ஆறிப்போன காபி உண்டு. யாராவது கமென்டில் தோண்டி எடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பி.பி.ஐ.டி. என்பது இதுதான்: 1994-ல் வந்த மாநிலச் சட்டப்படி, டவுன்டவுனைச் சுற்றி ஒரு எல்லை போட்டு, உள்ளே இருக்கும் சொத்துகளிடம் ஒரு தொகை வாங்கி, நகராட்சி வழக்கமாகச் செய்வதற்கு மேல் கூடுதலாகச் சில வேலைகள் செய்கிறார்கள்: நடைபாதை கழுவுவது, சுவர்க் கிறுக்கல்களை (கிராஃபிட்டி) அழிப்பது, சீருடை போட்ட ஆட்கள் சுற்றி வருவது. கவுன்ட்டி இதைச் சொத்து வரி பில்லிலேயே சேர்த்து வசூலித்துவிடும். செலவு செய்வது பெரும்பாலும் லாப நோக்கமில்லாத ஒரு சங்கம். சொத்தின் மதிப்பைப் பார்த்துத் தொகை போடுவதில்லை. மனை எத்தனை சதுர அடி, கட்டடம் எத்தனை சதுர அடி, தெருவைப் பார்த்த முகப்பு எத்தனை அடி, எந்த ஸோன் (சேவையின் அளவைப் பொறுத்து எல்லைக்குள் பிரித்த பகுதி) என்று கணக்கு. 1996-ல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 218-ஆம் முன்மொழிவின்படி, உங்கள் சொத்துக்கென்று தனியாகக் கிடைக்கும் பயனுக்கு மட்டும்தான் வசூலிக்கலாம், தெருவில் போகிற எல்லோருக்கும் கிடைக்கும் பயனை உங்கள் தலையில் கட்டக் கூடாது. சான் டியேகோவில் கோல்டன் ஹில் பகுதிக்குப் போட்ட இதே மாதிரி ஒரு வசூல் 2011-ல் நீதிமன்றத்தில் விழுந்ததே இந்தக் கணக்கைச் சரியாகப் பிரித்துக் காட்டாததால்தான். ஆக, கேட்க ஆளில்லாத வசூல் இல்லை இது.

இப்போது என் கதை. எங்கள் தெரு ஸோன் இரண்டு. முதல் ஸோனில் தினமும் ஆள் வருவார், எங்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை கழுவல். கீழே முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர் இந்தக் கழுவல் வருவதற்கு முன்னால் தினமும் கடை திறக்கும்போது வாசலில் வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார், பக்கத்தில் இரவு கிளப் இருக்கிறது, வேறென்ன சொல்ல. அப்புறம் அந்த வேலை அவருக்குக் குறைந்தது. விடியற்காலையில் பிரஷர் வாஷருடன் வருவார்கள், ஒட்டிக் கறுத்த சூயிங்கம்மை ஒவ்வொன்றாக ஆவி அடித்துக் கிளப்புவார்கள். அழுக்குத் தண்ணீர் மழைநீர்க் கால்வாய்க்குள் போகக் கூடாது என்பதால் பின்னாலேயே ஒருவர் அதை உறிஞ்சிக்கொண்டு வருவார். இதை நகராட்சி செய்திருக்குமா? செய்யவில்லை, அதுதான் பதில்.

திட்டத்தின் காலம் முடிந்து அதைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, ஆலோசகர் கொண்டுவந்த புது வரைபடத்தில் எங்கள் தெருவின் ஒரு பக்கம் முதல் ஸோனுக்குப் போயிருந்தது. தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சேவை மட்டும், படித்துப் பார்த்தால், "தேவைக்கேற்ப". தேவையை யார் முடிவு செய்வது என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டேன், பலருக்கு என்னைப் பிடிக்காமல் போனது, கடைசியில் ஸோன் எல்லைக் கோட்டைப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். திட்ட அறிக்கையைப் படியுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். அழகான முன்னுரையை விட்டுவிட்டு ஸோன் வரைபடம், ஸோன்வாரி சேவை அட்டவணை, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வரை ஏற்றலாம், நகராட்சி தன் பங்காக எதைத் தொடர்ந்து செய்யும், இந்த இடங்களுக்குப் போங்கள். கடைசியது எழுத்தில் இல்லையென்றால் நானே இல்லை போடச் சொல்வேன். நீங்கள் காசு கொடுக்கத் தொடங்கியதும் நகராட்சி மெல்ல ஒதுங்கிக்கொள்ளும்.

இன்னொன்று, இது தலைக்கு ஒரு ஓட்டு இல்லை, டாலருக்கு ஒரு ஓட்டு. எண்ணும்போது உட்கார்ந்து பார்த்தேன்: கிளார்க் உறையைக் கிழிப்பார், சீட்டில் அச்சிட்டிருக்கும் தொகையைப் படிப்பார், ஆம் பக்கமோ இல்லை பக்கமோ கூட்டுவார். எங்கள் சீட்டு 900 டாலர் சொச்சம். அடுத்து ஒரே ஓர் அலுவலகக் கோபுரத்தின் சீட்டு வந்தது, எங்கள் தெரு முழுவதும் சேர்ந்தாலும் அதைத் தொட முடியாது. நகராட்சிக்கும் நூலகம், பார்க்கிங் கட்டடம் என்று சொத்து இருப்பதால் அதற்கும் ஓட்டு உண்டு, எந்தப் பக்கம் போடும் என்று சொல்ல வேண்டியதில்லை. திருப்பி அனுப்பிய சீட்டுகளை மட்டும்தான் எண்ணுவார்கள், அதனால் சும்மா இருப்பது எதிர்ப்பு ஆகாது. தொடக்கத்தில் இந்தத் திட்டம் வேண்டும் என்று சுற்றிவந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சீட்டைத் தனியாக அனுப்ப வேண்டும்.

வீடற்றவர்களை விரட்டத்தான் இதெல்லாம் என்பவர்களுக்கு: முழுப் பொய் இல்லை. பெர்க்லி சட்டக் கல்லூரியிலிருந்து 2018-ல் இதைப் பற்றியே ஓர் அறிக்கை வந்தது. பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு எவ்வளவு, சுத்தத்துக்கு எவ்வளவு என்று பார்த்து உங்கள் மனசாட்சிப்படி முடிவு செய்யுங்கள். அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை.

வாடகைதாரரிடமும் பேசுங்கள். டிரிப்பிள் நெட் லீஸ் (சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் வாடகைதாரரே கட்டும் ஒப்பந்தம்) என்றால் இந்தத் தொகை அவர் தலையில்தான் விழும், சீட்டு மட்டும் உங்கள் பெயருக்கு வரும்.

இதையெல்லாம் விட எனக்கு ஆத்திரம் பார்க்கிங் மீட்டர்தான். சாயங்காலம் ஆறுக்கு முடிந்துகொண்டிருந்ததை எட்டாக்கிவிட்டார்கள். இதற்கும் பி.பி.ஐ.டி.க்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் நாங்கள் காசு போட்டுக் கழுவி வைத்த நடைபாதைக்கு வருகிறவரிடம் நகராட்சி மீட்டர் போட்டு வாங்குகிறது, அந்தக் காசில் ஒரு சென்ட் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை. முடிவெட்ட வந்தவர் தலையில் துணியோடு மீட்டருக்கு ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் சீட்டுக்கு வருகிறேன். நகராட்சி நடத்தும் பொது விசாரணையில் மக்கள் பேசி முடிக்கும்வரை மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். கையெழுத்து மட்டும் போட்டுவிடுங்கள், எங்கள் ஊரில் கையெழுத்தில்லாத சீட்டுகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள், எண்ணவேயில்லை.