அந்த ஓவியத்தில் ஆறு எங்கே?

ஐயா,

என் மகள் பெங்களூரில் ஒரு ஓவியம் வாங்கிவந்து கூடத்தில் மாட்டியிருக்கிறாள். பெயர் 'சிந்துவெளி'யாம். போட்டோ இணைத்திருக்கிறேன். செம்மண்ணும் சாம்பலுமாகப் பட்டைகள், நடுவே வெள்ளைத் திட்டுகள், ஓரத்தில் நூல் மாதிரி ஒரு நீலக்கோடு. அவ்வளவுதான். தென்பெண்ணையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மகளிடம் கேட்டால் "அதை உணரணும்பா" என்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள்.

ம., காவேரிப்பட்டணம்

அன்புள்ள ம.,

நியாயமான கேள்வி. "உணரணும்" என்று மட்டும் சொன்னால் பார்ப்பவருக்குக் கைப்பிடி எதுவும் கிடைக்காது.

நீங்கள் கரையில் நின்று ஆற்றைப் பார்க்கிறீர்கள். இந்த ஓவியர் தோண்டிய குழிக்குள் நின்று பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவில் வண்டலும் இடிபாடும் சேர்ந்து தரை உயர உயர, கிணற்றுச் சுவரையும் கூடவே மேலே கட்டிக்கொண்டு போனார்கள். அகழாய்வில் சுற்றியிருந்த மண்ணை எடுத்ததும் அந்தக் கிணறுகள் கோபுரம் மாதிரி தனியாக நின்றன. படத்தின் இடப்பக்கம் நெட்டுக்குத்தாகச் செங்கல் நிறத்தில் ஒன்று நிற்கிறதே, அதை நான் கிணறாகத்தான் பார்க்கிறேன். வெள்ளைத் திட்டு, உப்பு. நம் பக்கம் பழைய வீட்டுச் சுவர் அடியில் உப்பரித்து, விரல் வைத்தால் மாவாக உதிருமே, அதே உப்புதான் அந்த ஊரின் செங்கல்லையும் இன்று தின்றுகொண்டிருக்கிறது. சிந்து இப்போது அந்த ஊரை விட்டு விலகி ஓடுகிறது. நீலம் ஓரத்துக்குப் போனது அதனால் இருக்கலாம்.

அகழாய்வுக் குழியின் சுவரைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? செங்குத்தாகச் சீவிவிட்டு, அடுக்குக்கு ஒரு சின்ன அட்டை குத்தியிருப்பார்கள். கருப்பு, சாம்பல், செம்மண், மறுபடி சாம்பல். ஒவ்வொன்றும் யாரோ பல தலைமுறை நடந்த தரை. முதல்முறை பார்த்தபோது அரை மணி நேரம் நான் அங்கிருந்து நகரவில்லை. உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் மொகஞ்சதாரோவில் ஆட்கள் குடியிருந்தார்கள். அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நாளில் இங்கே ஒருவர் இரும்பைக் கையில் பிடித்திருந்தார் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மேல்மூலையில் இருக்கும் தங்கப் பூச்சு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மண்ணோடு அது ஒட்டவே இல்லை.

சரி, ஒரு வேலை செய்யுங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே மாட்டியிருக்கிறீர்கள், அதனால் எல்லாம் தட்டையாகத் தெரிகிறது. கத்தியால் தடிமனாக இழுத்த வண்ணம் அது. ஜன்னலை ஒட்டிய சுவருக்கு மாற்றி, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள், பட்டைக்குப் பட்டை நிழல் தெரியும். அப்புறம், கிருஷ்ணகிரி (கே.ஆர்.பி.) அணையில் தண்ணீர் இறங்கும்போது கரைச் சேற்றில் வரிவரியாகக் கோடு நிற்குமே, அங்கே மகளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள்.